உங்களுக்குத் தெரியுமா? கெக்கோ தொட்டியில் எவ்வளவு ஈரம்?

● நியூ கலிடோனியாவின் கிரெஸ்டட் கெக்கோ அழிந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். 1994-ல் மீண்டும் அகப்பட்டது. இன்று பல நாடுகளில் வீட்டுச் செல்லம். மழைக்காட்டுப் பல்லி என்பதால் அதன் கண்ணாடித் தொட்டியில் 50 முதல் 80 சதவீத ஈரப்பதம் இருக்க வேண்டும்.

● அந்த 80 சதவீதம் நாள் முழுக்கத் தேவையில்லை. இருட்டும் நேரத்தில் தண்ணீர் தெளித்தால் ஈரப்பதம் ஏறும். மறுநாள் பகலில் 50-ஐ ஒட்டி இறங்க விட வேண்டும். எந்நேரமும் சொதசொதவென்று கிடந்தால் பூஞ்சை படரும். தோல் நோயும் மூச்சுக் கோளாறும் வரலாம்.

● தெளிக்கும் தண்ணீர் குடிநீரும்கூட. இலையிலும் கண்ணாடியிலும் நிற்கும் துளிகளை கிரெஸ்டட் கெக்கோ நக்கிக் குடிக்கும். அதற்கு இமை கிடையாது. கண்ணைத் துடைப்பதும் அதே நாக்குதான்!

● லெப்பர்ட் கெக்கோவுக்கு இமை உண்டு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலம் அதன் ஊர். 30–40 சதவீதம் போதும். ஆனால் பகலில் அது பதுங்கும் பொந்துக்குள் வெளியைவிட ஈரம் அதிகம். அதனால்தான் வளர்ப்பவர்கள் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, உள்ளே ஈரப் பாசி வைக்கிறார்கள்.

● தோல் உரித்ததும் பெரும்பாலான கெக்கோக்கள் அதைத் தின்றுவிடும். காற்று வறண்டிருந்தால் விரல் நுனியில் பழைய தோல் ஒட்டிக்கொண்டு, வளையமாக இறுகி, ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், விரலே போய்விடலாம். பிடித்து இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவைத்து, பஞ்சுக் குச்சியால் மெல்ல நீக்கலாம்.

● ஒரு சொட்டு நீரும் வெளியேறாமலே ஈரப்பதம் சரியும். 20 டிகிரி செல்சியஸில் 80 சதவீதம் காட்டும் காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 44 சதவீதம்தான் காட்டும். வெப்ப விளக்கு போட்டதும் ஈரப்பதமானியின் அளவு இறங்குவது இதனால்தான்.

● ஈரப்பதமானி சரியா என்று சமையல் உப்பை வைத்தே சோதிக்கலாம். உப்பில் சில துளி நீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழைத்து, ஒரு சிறு மூடியில் வைத்து, மானியுடன் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், அந்த மானி 5 குறைத்துச் சொல்கிறது என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.