பனிமலை வண்டிகள் – 6: அகலத்தைக் குறைக்கும் முன்

மலைச்சரிவில் நேராக ஏறுவதற்கு இன்ஜினின் வலு போதும். அதே சரிவைக் குறுக்காகக் கடக்க ஓட்டுபவரின் உடம்பும் வேலை செய்தாக வேண்டும். அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மலைகளிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஸ்னோமொபைல் ஓட்டுபவர்கள் ‘சைடுஹில்’ என்று சொல்லும் வித்தை இது. சரிவு 30 பாகை சாய்ந்திருக்கும்போது வண்டியும் அதே சாய்வில் கிடந்தால் பள்ளத்தை நோக்கிச் சறுக்கும், அல்லது உருளும். ஆகவே ஓட்டுபவர் மேட்டுப்பக்கக் கால்பலகையில் முழு எடையையும் இறக்கி, ஹேண்டில்பாரைத் தன் பக்கம் இழுத்து, வண்டியை மேட்டுப்பக்கமாகச் சாய்க்கிறார். மேட்டுப்பக்கத்து ஸ்கீயும், வண்டியைத் தள்ளும் சுழல்பட்டையான டிராக்கின் மேட்டு விளிம்பும் பனியை வெட்டித் தமக்கென ஒரு படியை அமைத்துக்கொள்கின்றன. பள்ளத்துப் பக்கத்து ஸ்கீ காற்றில் தொங்குகிறது. ஸ்கீக்களை அப்போது பள்ளத்தை நோக்கித்தான் திருப்பி வைத்திருக்க வேண்டும். அப்படித் திருப்பினால்தான் வண்டி விளிம்பின்மேல் நிற்கும். சரிவின் நடுவே மரங்களும் பாறைகளும் இருக்கும்போது இந்த நிலையை விடாமல் காப்பது எளிய காரியமல்ல.

பழைய மலைவண்டி இந்த வேலைக்கு முரண்டு பிடிக்கும். 1990களிலும் 2000களின் முதல் பாதியிலும் வந்த போலாரிஸ் ஆர்எம்கே, ஸ்கீ-டூ சம்மிட் போன்ற வண்டிகளில் இரண்டு ஸ்கீக்களின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் 41 அங்குலத்தை ஒட்டி இருந்தது. சமவெளிப் பாதைகளில் வேகமாகத் திரும்புவதற்கென்று உருவான வடிவத்தையே நீண்ட டிராக் மாட்டி மலைக்கு அனுப்பிய காலம் அது. இன்றைய மலைவண்டிகளில், உதாரணமாகப் போலாரிஸின் மேட்ரிக்ஸ் வரிசையில், அந்தத் தூரம் 36 முதல் 38 அங்குலம்தான். இந்த எண்களைப் பார்த்த பழைய வண்டிக்காரருக்கு முதலில் தோன்றுவது, தன் வண்டியின் முன்புறத்தையும் குறுக்கிவிட்டால் என்ன என்பதே. அதற்கென்றே, ஸ்கீயைத் தாங்கும் ஏ-ஆர்ம்களைக் குட்டையாகச் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் பல உண்டு. பட்டறையில் அறுத்து ஒட்டித் தருபவர்களும் உண்டு. குறுக்குவதில் பயன் உண்டு. ஆனால் அகலத்தை மட்டும் குறைத்து மற்றவற்றை அப்படியே விட்டால் அந்தப் பயனில் பெரும்பகுதி திரும்பப் பறிபோகிறது. இந்த வாரக் கட்டுரை சொல்ல வருவது அதுதான்.

முதலில் பயனைக் கணக்கிடலாம். 30 பாகைச் சரிவில் வண்டி மட்டமாக நிற்கிறது என்று கொள்வோம். டிராக்கின் நடுக்கோட்டில் பனியின் மேற்பரப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதைவிட மேட்டுப்பக்க ஸ்கீ இருக்கும் இடத்தில் பனி உயர்ந்திருக்கும். 41 அங்குல வண்டியில் ஸ்கீ நடுக்கோட்டிலிருந்து இருபதரை அங்குலம் தள்ளியிருக்கிறது. அந்த இடத்தில் பனி 11.8 அங்குலம் உயரம். 37 அங்குல வண்டியில் அது 10.7. அதாவது ஸ்கீ வெட்டி இறங்க வேண்டிய ஆழம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாகவே குறைகிறது. இறுகிய பழைய பனியில் அந்த ஓர் அங்குலம் பெரிது. இன்னொன்றும் உண்டு. வண்டியைச் சாய்க்கும்போது மேட்டுப்பக்க ஸ்கீதான் முன்புறத்தைத் தாங்கும் முட்டு. அந்த முட்டு வண்டியின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டியின் எடை சாயாமல் எதிர்க்கும். இருபதரை அங்குலம் பதினெட்டரையாகும்போது அந்த எதிர்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஸ்கீக்கள் பாதி மிதக்கும் தூள்பனியில் இதே விகிதம் அப்படியே கிடைக்காது. ஆனால் எந்தத் திசையில் மாறும் என்பதில் ஐயமில்லை.

சிக்கல் தொடங்குவது ஸ்பிரிங்கில். ஏ-ஆர்ம் என்பது வண்டியின் உடலில் ஒரு கீலில் மாட்டி வெளியே நீளும் கை. அதன் வெளிமுனையில் ஸ்கீயைத் தாங்கும் ஸ்பிண்டில்; இடையில் ஓரிடத்தில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் மாட்டியிருக்கும். கதவின் விளிம்பில் கைவைத்துத் தள்ளினால் லேசாகத் திறப்பதும் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கனப்பதும் நமக்குத் தெரியும். அந்தக் கணக்குத்தான் இங்கேயும். கை நீளமாக இருக்கும்போது வெளிமுனையில் நிற்கும் ஸ்கீ ஸ்பிரிங்கை எளிதாக அமுக்குகிறது. கையைக் குட்டையாக்கி, ஷாக் மாட்டும் இடத்தை மாற்றாமல் விட்டால், அதே ஸ்பிரிங் ஸ்கீக்கு விறைப்பாகத் தெரியும். கை 16 அங்குலம், ஷாக் மாட்டும் இடம் கீலிலிருந்து 12 அங்குலம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கின் விறைப்பில் எத்தனை பங்கு ஸ்கீயில் உணரப்படும் என்பது, இந்த இரண்டின் விகிதத்தை இருமடி செய்தால் வருவது: 12/16-இன் இருமடி 0.56. கையை 14 அங்குலமாகக் குறைத்தால் 12/14-இன் இருமடி 0.73. ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை; ஆனாலும் முன்புறம் ஏறத்தாழ 31 விழுக்காடு விறைத்துவிட்டது. மலைவண்டிக்காரர் கேட்டது இதற்கு நேர்மாறானதை அல்லவா?

விறைப்பு கூடினாலும் அகலம் குறைந்ததே, அது ஈடுகட்டாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். வண்டி பக்கவாட்டில் சாய்வதை ஸ்பிரிங்குகள் எதிர்க்கும் அளவு, ஸ்கீயில் உணரப்படும் விறைப்பையும் அகலத்தின் இருமடியையும் பெருக்கினால் கிடைக்கும். இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் குறைய, 41 என்பது 37 ஆகிறது. 37/41-இன் இருமடி 0.81. அதை விறைப்பு கூடிய மடங்கான 1.31-ஆல் பெருக்கினால் 1.06. சாய்வதற்கான எதிர்ப்பு குறையவில்லை, ஆறு விழுக்காடு கூடியிருக்கிறது! மேட்டுப்பக்கமாக இழுக்கும் முதல் சில பாகைகளில் ஓட்டுபவரின் கை உணர்வது பெரும்பாலும் இந்த ஸ்பிரிங் எதிர்ப்பைத்தான். பணம் செலவழித்து முன்புறத்தைக் குறுக்கிய பிறகும் வண்டி முன்போலவே முரட்டுத்தனமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வதில் பொய்யில்லை. ஸ்கீ மேலும் கீழும் போய்வரும் தூரமும் இதே கணக்கில் குறுகும்: முன்பு 10 அங்குலம் என்றால் இப்போது எட்டே முக்கால். வழித்தடத்தில் குழிமேடுகள் வந்தால் முட்டியும் தோளும் அதைச் சொல்லும்.

ஆகவே கையைக் குட்டையாக்குபவர் மென்மையான ஸ்பிரிங்கையும் சேர்த்தே வாங்க வேண்டும். அல்லது ஷாக் மாட்டும் இடத்தையும் உள்ளே நகர்த்திய ஆர்மை வாங்க வேண்டும். ஷாக்கின் உள்ளே எண்ணெய் கடக்கும் வேகத்தையும் அதற்கேற்பத் திருத்துவது நல்லது. ஹேண்டில்பாரின் திருப்பத்தை ஸ்கீக்குக் கொண்டுபோகும் டை ராடு அடுத்தது. ஸ்பிண்டில் உள்ளே வந்த அளவுக்கு டை ராடும் குறைய வேண்டும். நீளம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஆர்ம் மேலேறி இறங்கும்போது வரையும் வில்லும் டை ராடு வரையும் வில்லும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்கீ தானாகவே கொஞ்சம் திரும்பும். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போதே வண்டி அங்குமிங்கும் அலைவதற்கு இது ஒரு காரணம்.

பழைய வண்டிகள் பலவற்றில் கதை வேறு. போலாரிஸ் 1980 வாக்கில் இண்டி வரிசையில் கொண்டுவந்த முன் சஸ்பென்ஷனில் ஏ-ஆர்ம் கிடையாது. வண்டியின் பக்கவாட்டில் பின்னே கீல் வைத்து முன்னோக்கி நீளும் டிரெய்லிங் ஆர்ம் ஸ்கீயைத் தாங்கும். அதை நடு உடலோடு இணைப்பவை இரண்டு ரேடியஸ் ராடுகள். பிற்கால ஆர்எம்கேக்கள் பலவும் இதே அமைப்பில்தான் வந்தன. இதில் ரேடியஸ் ராடுகளைக் குட்டையாக்கினால் முன்முனை உள்ளே வரும். பின்கீல் இருந்த இடத்திலேயே இருக்கும். கை கோணலாகிறது. கோணல் கூடக்கூடப் பின்கீல் இறுகும், சஸ்பென்ஷன் தடையின்றி அசையாது. ராடு முனைகளின் மரையை உள்ளே திருகி அரை அங்குலம் சம்பாதிக்கலாம் என்பவர்கள், மேல் ராடும் கீழ் ராடும் ஒரே அளவில் குறையாவிட்டால் ஸ்கீ செங்குத்தாக நிற்காமல் சாயும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆகவே இவ்வகை வண்டியில் பெரிய அளவில் குறுக்குவது வீண் என்பதே என் முடிவு. ஆர்மை அறுத்து வெல்டிங் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. குரோமோலி எஃகுக் குழாயில் வெல்டிங்கின் சூடு பட்ட பகுதி அதன் பழைய குணத்தில் இருப்பதில்லை. சட்டத்தில் பூட்டி, உள்ளே இன்னொரு குழாயைச் செருகி, தேர்ந்த கை ஒட்டினால் தாங்கும். வீட்டுக் கொட்டகையில் ஒட்டியது, மனித நடமாட்டம் இல்லாத பள்ளத்தாக்கில் இரவு நெருங்கும் நேரத்தில் உடைந்தால் அங்கே உதவிக்கு வர யாருமில்லை.

முன்புறத்தில் மட்டுமே கண் வைப்பதில் இன்னொரு பிழையும் உண்டு. பழைய வண்டி முழுவதுமே அகலம். இன்ஜின் மூடியின் பக்கவாட்டுத் தகடுகள் வெளியே புடைத்திருக்கும். கால் வைக்கும் ரன்னிங் போர்டுகள் டிராக்கைத் தாண்டி வெகுதூரம் நீளும். சரிவில் மேட்டுப்பக்கமாகச் சாயும்போது ஸ்கீ எளிதாக வெட்டி இறங்கினாலும், அடுத்ததாகப் பனியில் முட்டுவது ரன்னிங் போர்டின் விளிம்பு. அது முட்டியதும் டிராக் மேலே தூக்கப்பட்டுப் பிடியை இழக்கிறது, வண்டி பள்ளத்தை நோக்கி நழுவுகிறது. புது வண்டிகள் ஸ்கீயை மட்டும் உள்ளே இழுக்கவில்லை. பக்கத் தகடுகளையும் கால்பலகைகளையும் ஒல்லியாக்கி, எடையையும் குறைத்திருக்கின்றன. 2003 மாடலாக வந்த ஸ்கீ-டூ ரெவ், ஓட்டுபவரை முன்னே நகர்த்தி உட்கார வைத்தது. மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கே வந்தன. அதற்கு முந்தைய வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுபவர், முன்னால் கிடக்கும் எடையை எட்டத்திலிருந்து இழுத்தாக வேண்டும். முன்புறத்தை நான்கு அங்குலம் குறுக்குவதால் இவை எதுவும் மாறப்போவதில்லை.

அப்படியானால் குறுக்கியபின் வண்டி மாறிவிட்டது என்று இத்தனை பேர் மனதாரச் சொல்கிறார்களே, அவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்களா? இல்லை. அகலத்தைக் குறைக்கும் நல்ல கிட் வாங்கியவர்கள் பெரும்பாலும் அதோடு ஷாக்கையும் மாற்றுகிறார்கள், இடவல சஸ்பென்ஷனை இணைக்கும் ஸ்வே பாரைக் கழற்றுகிறார்கள், அகலமான மலை ஸ்கீக்களை மாட்டுகிறார்கள். மாற்றம் உண்மை, அதில் எந்தப் பங்கு அகலத்தினுடையது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஸ்வே பாரைக் கழற்றுவதற்குச் செலவே இல்லை. ஒரு பக்கம் அமுங்கும்போது மறுபக்கத்தையும் அமுக்கி வண்டியை மட்டமாக வைப்பதுதான் அதன் வேலை. மலையில் அது நமக்கு எதிராகவே உழைக்கிறது. டிராக்கின் முன்புறத்தைக் கட்டிவைக்கும் லிமிட்டர் பட்டையைச் சற்று நீளமாக்கினால் ஸ்கீக்களின்மேல் விழும் பாரம் குறையும். இந்த இரண்டையும் செய்து, மென்மையான ஸ்பிரிங்கையும் மாட்டி ஓட்டிப் பார்த்தபிறகும் வண்டி சாய மறுத்தால், அப்போது அகலத்தைக் குறைப்பதில் அர்த்தம் உண்டு.

எதிர்த்திசையிலிருந்து ஓர் ஆட்சேபம் வரும்: குறுகிய வண்டி இறுகிய பாதையில் கவிழும் என்று. உண்மைதான். அகலம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், திருப்பத்தில் தாங்கும் அளவும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைகிறது. ஸ்வே பாரும் இல்லையென்றால் இன்னும் கவனம் தேவை. மலைக்குப் போகும் வழியில் மட்டும் பாதையைப் பயன்படுத்துபவர் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். வாரத்தில் பாதி நாள் குடும்பத்தோடு பாதையில் ஓட்டுபவர் வண்டியை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

இன்னொரு கவலை இயந்திரக் கணக்கைவிடக் கனமானது. எளிதாகச் சாயும் வண்டி, முன்பு போக முடியாத சரிவுகளுக்கு ஓட்டுபவரைக் கொண்டுபோய்விடும். பனிச்சரிவு அதிகம் நிகழ்வது 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில். சைடுஹில் சுகமாக இருக்கும் இடங்களும் இவையே. 2010 மார்ச் 13 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவெல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் ஸ்னோமொபைல்காரர்கள் திரண்டிருந்த இடத்தில் பனி சரிந்து இருவர் இறந்தார்கள். வண்டியைக் குறுக்கும் பணத்தில் முதல் பங்கு, பனியில் புதைந்தவரைத் தேடி மீட்க உதவும் டிரான்ஸீவர், ஆய்வுக்கோல், மண்வெட்டி மூன்றுக்கும், அவற்றைப் பயன்படுத்தக் கற்கும் வகுப்புக்கும் போக வேண்டும். அதில் பேரம் பேசக் கூடாது.

மீதிப் பணத்தோடு கிட் விற்பவரிடம் போகிறவர் மூன்று கேள்விகள் கேட்கட்டும். புதிய ஆர்மில் ஷாக் எங்கே மாட்டுகிறது? அதற்கு எந்த ஸ்பிரிங் போட வேண்டும்? டை ராடு சேர்ந்து வருகிறதா? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். ‘அகலம் குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று மட்டும் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.