வானில் ஒரு மணித்தியாலம், தரையில் ஓர் இரவு

இரத்மலானையிலிருந்து பலாலிக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். சிறிய விமானமொன்று ஒரு மணித்தியாலத்தை ஒட்டிய நேரத்தில் கடந்துவிடும் தூரம் அது. கொழும்பிலிருந்து இலண்டனுக்குச் சுமார் 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் ஏறத்தாழ 11 மணித்தியாலம். (திரும்பி வருகையில் இது சற்றுக் குறையும். மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மேல்வானில் வீசும் பலத்த காற்று விமானத்தைப் பின்னிருந்து உந்துவதே காரணம்.)

ஆனால் வடபுலத்தவரின் பயணக் கணக்கு விமானச்சீட்டில் தொடங்குவதில்லை. இலண்டனிலுள்ள மகளிடம் செல்லும் யாழ்ப்பாணத்துத் தாயும், உம்ராவுக்குப் புறப்படும் சோனகத் தெரு முதியவரும் முதலில் 400 கிலோமீற்றர் அளவு தரைவழியே கடந்து கட்டுநாயக்கவை அடைய வேண்டும். பஸ்ஸிலோ ரயிலிலோ ஏழெட்டு மணித்தியாலம் கழிகிறது. இலண்டன் பயணத்தில் இந்தத் தரைவழி, முழுத் தூரத்தின் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. நேரத்திலோ ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கிவிடுகிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்கிச் செல்வதானால் மேலும் ஒரு நாள்.

எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகவே சென்னைக்குப் பறந்தது. பின்னர் வந்த போர் இந்தத் தூரத்தின் பொருளையே மாற்றியது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த வடபுல முஸ்லிம்களுக்குத் தமது சொந்தத் தெரு கிலோமீற்றரால் அளக்க முடியாத இடமாயிற்று. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின், குடாநாட்டை விட்டு வெளியேறப் படையினரின் அனுமதிக்காகக் காத்திருந்த நாட்களை எந்தப் பயண அட்டவணையில் சேர்ப்பது?

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னை சுமார் 355 கிலோமீற்றர். கொழும்பின் தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். சென்னைக்கு ஒரு மணித்தியாலத்திற்குச் சற்று மேல், சொந்த நாட்டின் தலைநகருக்கு ஓர் இரவு என்பது விந்தையே.

யாழ்ப்பாணத்தையும் தலைநகரையும் இணைக்கும் உள்நாட்டு விமான சேவைகள் வந்தன, நின்றன. அவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. இரத்மலானையில் இறங்குபவருக்கு வெள்ளவத்தை மிக அருகில். கட்டுநாயக்கவோ தலைநகருக்கு வடக்கே 30 கிலோமீற்றர் அப்பால். வெளிநாடு செல்பவர் வானில் மிச்சப்படுத்திய நேரத்தைக் கொழும்பு நெரிசலில் இழந்துவிடுவார். பலாலியிலிருந்து நேரே கட்டுநாயக்கவுக்கு, சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில், வெளிநாட்டு விமானங்களின் நேரத்தோடு பொருந்தும் நாளாந்த சேவையே அவர்களுக்குத் தேவை.