அடிக்கு ஒரு வினாடி

வேலூரை அடுத்த விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாகச் செதுக்கி எண்களைப் பொறித்திருக்கிறார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. சினிமா கற்க விரும்பும் பிள்ளைகளை முதலில் இங்கேதான் அழைத்துவர வேண்டும். காலை 9 மணிக்கு ஒரு ஷாட், மாலை 4 மணிக்கு அடுத்த ஷாட் என்று எடுத்து ஒரே காட்சியாக ஒட்டினால், நடிகரின் நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவிவிடும். நடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பார்ப்பவரின் கண் உறுத்திக்கொண்டே இருக்கும்.

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான ‘கீசக வத’த்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் பூனாவில் கேமராவைக் கற்றார். புரசைவாக்கத்தில் இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய ஸ்டுடியோவுக்கு மெல்லிய வெள்ளைத் துணிதான் கூரை. நேர் வெயிலில் நின்றால் கண்குழியிலும் மூக்கின் கீழும் கன்னங்கரிய நிழல் விழும். துணி வழியே இறங்கும் வெளிச்சம் பரவி வருவதால் முகம் துலங்கும். இன்றைய படப்பிடிப்பிலும் விளக்குக்கு முன்னால் துணி கட்டுவது இதற்காகத்தான்.

அந்த வெளிச்சத்தைப் பிடித்து வைத்தது ஃபிலிம் சுருள். செல்லுலாய்டு பட்டையின் மேல் வெள்ளி உப்புத் துகள்கள் படிந்திருக்கும். துகள்களைத் தாங்கிப் பிடிப்பது ஜெலட்டின். அது மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலோடு வாழ்கிறவர்களுக்கு இது ஒட்டிய உறவு என்றே தோன்றுகிறது. கோடாக் நிறுவனத்தின் ஷெப்பர்ட் 1920களில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்: கடுகுச் செடி போன்றவற்றை மாடு மேயும்போது உடலில் சேரும் கந்தகச் சேர்மம்தான், ஜெலட்டின் வழியாக ஃபிலிமின் ஒளியுணர்வைக் கூட்டுகிறது. வெப்பத்தில் ஜெலட்டின் இளகும். சென்னை வெயிலில் ஃபிலிம் கழுவுவது பெரும்பாடு. முதலியார் தம் லேபைக் குளிர்ச்சியான பெங்களூரில் வைத்துக்கொண்டார்.

அடுத்தது காலம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். மௌனப்படக் காலத்தில் கேமராவின் கைப்பிடியை வினாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால், சுற்றுக்கு 8 வீதம் 16 படங்கள் பதிவாகும். அடிக்கு ஒரு வினாடி என்ற கணக்கு. ‘கீசக வதம்’ சுமார் 6,000 அடி. அப்படியானால் ஏறத்தாழ 100 நிமிடம். ஒவ்வொரு படமும் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கணம் அசையாமல் நின்று ஒளியை வாங்கும். அடுத்தது நகர்ந்து வரும்வரை ஷட்டர் ஒளியை மறைத்திருக்கும். ஓடுவது போலத் தெரியும் சினிமா, உண்மையில் நின்று நின்று போவதுதான். சுற்றும் கை தளர்ந்தால் குறைவான படங்களே பதிவாகும். திரையில் ஆட்கள் விறுவிறுவென்று ஓடுவார்கள். ஒலி வந்தபின் இந்த ஏற்ற இறக்கம் செல்லுபடியாகவில்லை, பாட்டின் சுருதி கெட்டுவிடுமே! மோட்டார் வந்தது, வினாடிக்கு 24 படங்கள் என்று நிலைத்தது. சில செல்போன்களின் வீடியோ அமைப்பில் 24 என்று தென்படும் எண் அதுதான்.

‘கீசக வத’த்தின் பிரதி எதுவும் இன்று இல்லை. மகாபாரதக் கதை நமக்குத் தெரியும். திரௌபதி வரச்சொன்ன இருண்ட மண்டபத்துக்குக் கீசகன் வருகிறான். கட்டிலில் காத்திருப்பவன் பீமன். இதை இன்று மூன்று ஷாட்டுகளில் எடுத்துப் பார்க்கலாம். லாங் ஷாட்: மண்டபம், தூரத்தில் போர்த்திய உருவத்தோடு கட்டில், வாசலில் கீசகன். மிட் ஷாட்: ஆசையோடு நெருங்கும் அவன், இடுப்புக்கு மேல். க்ளோசப்: போர்வையின் ஓரத்தைப் பற்றியிருக்கும் தடித்த கை.

இந்த வரிசையில் ஒட்டினால் கீசகனோடு சேர்ந்து நாமும் கடைசியில்தான் திடுக்கிடுவோம். கையை முதலில் காட்டி, பிறகு அவனை வாசலில் நிறுத்தினால், அவன் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எடுத்த ஃபிலிமில் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. மாறியது கத்தரிக்கோல் வெட்டிய இடமும் ஒட்டிய வரிசையும்தான்.