திரைவானும் மெய்வானும்

ஜனவரி மாதத்தில், பனிமூட்டம் சற்றே விலகும் காலைப் பொழுதுகளில், தில்லி வானில் திடீரெனப் பேரோசை எழும். மொட்டைமாடியில் நிற்கும் சிறுவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள், அம்பு நுனி போலவும் வைரம் போலவும் அணிவகுத்த விமானங்கள் தலைக்கு மேல் தோன்றி மறையும். குடியரசு நாள் அணிவகுப்பின் நிறைவில் கர்த்தவ்யப் பாதையின் மேல் வான்படை நிகழ்த்தும் காட்சிக்கு அது ஒத்திகையாகும். அந்நாளில் இக்காட்சிக்காகப் பயணியர் விமானங்களும் சில மணிநேரம் நிறுத்திவைக்கப்படுகின்றன.

இவ்விமானங்கள் வெவ்வேறு விமானத் தளங்களிலிருந்து புறப்பட்டு, குறித்த இடத்தில் ஒன்றுகூடி, குறித்த நொடியில் பார்வையாளர்களைக் கடக்க வேண்டும். மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு நொடியில் 200 மீட்டர் கடக்கும். எனவே, ஒரு நொடித் தாமதம் என்பது 200 மீட்டர்ப் பிழையாகும்.

அருகருகே பறப்பது எவ்வாறு?

இந்திய வான்படையின் சூரியகிரண் அணி 1996-ஆம் ஆண்டு தோன்றியது. அதன் ஒன்பது ஹாக் விமானங்கள் பறக்கும்போது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி ஏறத்தாழ 5 மீட்டராகச் சுருங்குவதுண்டு. அது ஒரு வகுப்பறையின் நீளத்தைவிடக் குறைவு.

அடுத்தடுத்த தண்டவாளங்களில் இரண்டு தொடர்வண்டிகள் ஒரே திசையில் ஒரே வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். ஒன்றில் அமர்ந்திருப்பவருக்கு மற்றது அசையாமல் நிற்பது போலத் தோன்றும். அணியாகப் பறக்கும் விமானங்களின் நிலையும் இதுவே. ஆனால் வானில் தண்டவாளம் இல்லை. மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் விலகாமல் விமானத்தை நிறுத்துவது விமானியின் கையும் கண்ணுமே ஆகும்.

அணியின் தலைவர் வழியையும் உயரத்தையும் வேகத்தையும் கவனிப்பார். துணை விமானியோ தலைவரின் விமானத்தையே நோக்கியிருப்பார். அவ்விமானத்தின் இறக்கை நுனி, விளக்கு போன்ற இரண்டு குறிகள் தம் கண்ணுக்கு ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி அவர் தம் இடத்தைக் காத்துக்கொள்வார். கோடு சிறிது பிசகினாலும் உடனே சிறிய திருத்தம் செய்வார். அடிவானத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. ஆகவே, அணியாகப் பறத்தலின் முதல் பாடம் நம்பிக்கையாகும்.

துருத்தியில் பிறந்த கருவி

இத்தகைய திறனைத் தரையிலிருந்தே கற்க இயலுமா? இதற்கு உதவுவதே சிமுலேட்டர் எனப்படும் பாவனைக் கருவி. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் பணியாற்றினார். ஆர்மோனியத்தில் உள்ளதைப் போன்ற காற்றுத் துருத்திகளைக் கொண்டே, 1929-இல் அவர் ஒரு சிறிய போலி விமானத்தைச் சாயவும் திரும்பவும் செய்தார். 1934-இல் அமெரிக்கப் படை விமானிகள் மோசமான வானிலையில் அஞ்சல் சுமந்து சென்று பலர் மாண்டனர். அதன் பின்னரே அக்கருவியின் அருமை உணரப்பட்டது.

இன்றைய பாவனைக் கருவிகளில் வளைந்த பெருந்திரைகளும், அசையும் மேடைகளும், மெய்யான விமானி அறையும் உள்ளன. விமானி மேகத்துள் தலைவரைக் காணாமல் தவறவிட்டால், உடனே விலகி அதை அறிவிக்க வேண்டும் என்பது விதி. வானில் பழகுவதற்கு ஆபத்தான இத்தகைய செயல்களை இக்கருவியில் நூறு முறையும் பழகலாம். மோதினாலும் திரை இருளுமே அன்றி உயிர் போகாது. ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம்.

திரை தராதவை

ஆயினும், மூன்றினைத் திரையால் முழுமையாகத் தர இயலாது.

முதலாவது, தொலைவுணர்வு. அருகில் உள்ள பொருளை நம் இரு கண்களும் சற்றே வெவ்வேறாகக் காண்பதால் அதன் தொலைவு நமக்குப் புலனாகிறது. சாதாரணத் திரையில் இரு கண்களும் ஒரே படத்தையே காண்கின்றன. கையசைவுக்கும் படத்தின் அசைவுக்கும் இடையே நேரும் சிறு தாமதமும் விமானியைத் தடுமாறச் செய்யும்.

இரண்டாவது, உடலின் சுமை. விமானம் கூர்மையாகத் திரும்பும்போது உடலின் எடை நான்கு மடங்காக உணரப்படலாம். 40 கிலோ எடையுள்ள சிறுவன் 160 கிலோவாக உணர்வான். அசையும் மேடை குலுங்கவும் சாயவும் செய்யும். அச்சுமையை நீடித்துத் தராது.

மூன்றாவது, காற்று. இறக்கை நுனிகளிலிருந்து காற்று சுழன்றெழுகிறது. இமயத்தைக் கடந்து நெல்லை மாவட்டக் கூந்தன்குளத்திற்கும் வரும் வரித்தலை வாத்துகள் போன்ற பறவைகளுக்கு, முன்செல்லும் பறவை எழுப்பும் காற்று துணையாகலாம். அதே சுழற்காற்றில் தவறான இடத்தில் நுழையும் விமானமோ புரட்டப்படலாம். கணினி இதனைக் கணக்கிட்டுக் காட்டலாம். ஆனால் மெய்யான காற்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாய் வீசும்.

மீண்டும் தொடங்க முடியாத இடம்

2019 பிப்ரவரி 19 அன்று, பெங்களூருவை அடுத்த எலகங்காவில் நடந்த ஒத்திகையில், சூரியகிரண் அணியின் இரு விமானங்கள் மோதிக்கொண்டன. விங் கமாண்டர் சாகில் காந்தி உயிர்நீத்தார். மற்ற இரு விமானிகள் உயிர்பிழைத்தனர். தேர்ந்த விமானிகளுக்கும் வானம் இரண்டாம் வாய்ப்பு அளிப்பதில்லை என்பதை அந்நாள் உணர்த்தியது.

அதனால்தான் அணியில் சேரும் விமானி முதலில் ஒரே ஒரு விமானத்தோடு இணைந்து பறக்கிறார். பின்னரே படிப்படியாக எண்ணிக்கை கூடுகிறது. ஒவ்வொரு முறை தரையிறங்கிய பிறகும் அனைவரும் அமர்ந்து தத்தம் பிழைகளை மறைக்காமல் ஆராய்கின்றனர். தலைவரும் இதற்கு விலக்கல்லர். அந்த அணி 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினா கடற்கரையின் மேல் பறந்தபோது, கோவையை அடுத்த சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங் எலிகாப்டர் அணியும் அவ்விழாவில் பறந்தது.

பாவனைக் கருவி விதிகளைக் கற்பிக்கிறது. பிழை செய்து திருந்த இடம் தருகிறது. அருகில் பறப்பவரின் உயிர் தம் கையிலும், தம் உயிர் அவர் கையிலும் இருப்பதை விமானிக்கு உணர்த்துவதோ மெய்வானே. தில்லி வானில் ஒரு நொடியில் மறையும் அந்த அம்பு வடிவத்திற்குப் பின்னால் இவ்விரு பள்ளிகளும் உள்ளன.

அருஞ்சொற்பொருள்
ஒத்திகை – முன்கூட்டிச் செய்து பார்த்தல்
பாவனை – உண்மை போலச் செய்து காட்டுதல்
துருத்தி – காற்றை ஊதும் பை

விடை எழுதுக
1. துணை விமானி தம் இடத்தை எவ்வாறு காத்துக்கொள்கிறார்?
2. திரையால் முழுமையாகத் தர இயலாத மூன்று எவை?
3. பிழைகளை மறைக்காமல் ஆராய்வதால் அணிக்கு விளையும் நன்மையை ஐந்து வரிகளில் எழுதுக.