நடுவழியில் ஒரு பெட்டி: மணலி யார்டு ஆபீஸில் ஓர் எட்டிப்பார்ப்பு

எந்த போனிலும் கை வைக்கவில்லை. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு செட்டிங்கைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் வளாகத்தில் எந்தக் கருவி எந்தத் தளத்தைக் கேட்டாலும் அந்தப் பெயர் இந்தத் திரையில் சரசரவென்று இறங்குகிறது. பார்க்கப் பார்க்கப் பரபரக்கிறது!

இடம் மணலி. துறைமுகச் சரக்கைக் கையாளும் ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகம். வாசலில் டிரெய்லர் வரிசை. உள்ளே ஏசி குளிரில் ஒரு ரேக், அதன் நடுத்தட்டில் கையில் அடங்கும் ஒரு லினக்ஸ் பெட்டி. ஒரு பக்கம் வெளியிலிருந்து வரும் ஃபைபர் மோடம், மறுபக்கம் உள்ளே போகும் சுவிட்ச். இதுதான் கேட்வே. இங்கிருந்து புறப்படும் எந்த பாக்கெட்டும் இதைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும்.

கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் அவசரமாக ஆவணம் ஏற்றும் நேரம் பார்த்துத்தான் எல்லா கம்ப்யூட்டரும் விண்டோஸ் அப்டேட்டை இழுக்கும், லைன் திணறும். ஒரே கோப்பை ஆளாளுக்கு இறக்காமல், ஒருமுறை வாங்கி வைத்து எல்லோருக்கும் கொடுக்க ஒரு ப்ராக்ஸி வேண்டும். வந்துபோகிற கருவி ஒவ்வொன்றிலும் ப்ராக்ஸி முகவரியைத் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? அதனால்தான் வழியிலேயே மறித்து வாங்கும் டிரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸி.

நெட்வொர்க் வேலைக்கு வந்திருந்த தம்பி திருவொற்றியூர்க்காரர். "அக்கா, இப்ப பாருங்க" என்று ஒரு விதியைத் தட்டினார். 80-ஆம் போர்ட்டுக்குப் போகிற எதுவானாலும் இதே பெட்டியின் 3129-க்குத் திருப்பு. அங்கே காத்திருப்பது ஸ்குயிட், 1996-லிருந்து உலகமெங்கும் ஓடுகிற இலவச மென்பொருள். அதன் கான்ஃபிக்கில் 'இன்டர்செப்ட்' என்று ஒரே ஒரு சொல். என்டர்!

லாக் உயிர்பெற்றது. முதலில் வந்தவை யாருமே தட்டாத கோரிக்கைகள். ஆண்ட்ராய்டு போன்கள் 'நெட் இருக்கா?' என்று கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கின்றன. விண்டோஸ் ஒரு குட்டி உரைக்கோப்பை இறக்கி, அதில் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது. நம் மேசையில் சும்மா கிடக்கிற கருவி இவ்வளவு பேசுமா!

கூடவே எச்சரிக்கைகளும் கொட்டத் தொடங்கின: 'ஹோஸ்ட் ஹெடர் ஃபோர்ஜரி'. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். போன் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் பெயரைச் சொல்லி, ஐபி எண் வாங்கிக்கொண்டு கிளம்புகிறது. வழியில் மறித்த ஸ்குயிட் அதே பெயரைத் தன் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. பெரிய தளங்கள் கேட்கிற இடத்தைப் பொறுத்து வேறு வேறு எண் தரும். இரண்டும் பொருந்தாவிட்டால் ஸ்குயிட் சந்தேகப்படும். கோரிக்கையில் பொய்ப் பெயர் எழுதி, சேமிப்பில் விஷம் கலக்கும் ஓட்டை 2009-ல் பதிவானது. அதை அடைக்க வந்த காவல்தான் இந்தச் சந்தேகம்.

அப்படியென்றால் தீர்வு? போனும் ப்ராக்ஸியும் ஒரே வாயிடம் கேட்கவேண்டும்! தம்பி அதே பெட்டியில் டிஎன்எஸ்மாஸ்க்கை ஏற்றினார். தெரிந்த பெயருக்குத் தன் நினைவிலிருந்தே பதில் சொல்லும். தெரியாததை வெளியே இருக்கும் சர்வருக்கு அனுப்பிக் கேட்டு வாங்கித் தரும். பிறகு இன்னொரு விதி: 53-ஆம் போர்ட்டுக்குப் போகும் எந்தக் கேள்வியும், யூடிபியோ டிசிபியோ, இங்கேயே வரட்டும். யாரோ தன் போனில் கூகுளின் 8.8.8.8-ஐ எழுதி வைத்திருந்தாலும் பதில் சொல்வது இந்தப் பெட்டிதான். ஸ்குயிட்டையும் இதனிடமே கேட்கச் சொன்னார். எச்சரிக்கைகள் மளமளவென்று குறைந்தன. ப்ராக்ஸியையும் டிஎன்எஸ்ஸையும் தனித்தனி வேலையாக நினைத்திருந்தேன்; ஒன்றில்லாமல் மற்றது நொண்டும் என்பது கண்முன்னே தெரிந்தது.

443-ஆம் போர்ட் வேறு கதை. வங்கியும் வாட்ஸ்அப்பும் பூட்டிக்கொண்டு போகிற பாதை அது. கஸ்டம்ஸ் சீல் வைத்த கன்டெய்னர் மாதிரி: வெளியே இருக்கும் எண்ணைப் படிக்கலாம், உள்ளே கை வைக்கக்கூடாது. ஸ்குயிட்டின் 3.5 பதிப்பிலிருந்து 'பீக்', 'ஸ்ப்ளைஸ்' என்று இரண்டு கட்டளைகள் உண்டு. முதலாவது போகிற தளத்தின் பெயரை மட்டும் எட்டிப் பார்க்கும். இரண்டாவது பூட்டைத் தொடாமல் வழிவிடும். உடைத்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு கருவியிலும் தனிச் சான்றிதழ் நிறுவவேண்டும். இங்கே அது வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ரொம்பச் சரி! பெயர்கள் பதிவாகின்றன என்று ஊழியர்களுக்கும் டிரைவர்களுக்கும் தமிழில் ஓர் அறிவிப்பும் கேட்டருகே ஒட்டினார்கள். அதைச் செய்யாமல் இந்தப் பெட்டியை யாரும் வைக்கவே கூடாது.

நடுவில் நிற்பவர் பெரிய ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2012-ல் '3' படத்தின் திருட்டுப் பதிவைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தயாரிப்பாளர் தரப்பு உத்தரவு பெற்றது. இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே முழுசாக மூடிவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூன் மாதம் நீதிமன்றம் திருத்தவேண்டியிருந்தது. நாடெங்கும் இந்தத் தடைகள் எப்படி நடக்கின்றன என்று ஐஐஐடி டெல்லி ஆய்வாளர்கள் 2018-ல் சோதித்தார்கள். சில நிறுவனங்கள் டிஎன்எஸ் பதிலை மாற்றுகின்றன. சில, நடுவழிப் பெட்டியில் மறிக்கின்றன. இந்த ரேக்கில் ஓடுகிற அதே இரண்டு உத்திகள்!

மணலிக்குத் திரும்புவோம், வேலை முடியவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் டிஎன்எஸ் கேள்வியையே பூட்டி 443 வழியாக அனுப்பக்கூடியது. அதற்கு முன் அது ஒரு தனிப் பெயரைக் கேட்டுப் பார்க்கும். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று டிஎன்எஸ்மாஸ்க் சொன்னால், பயனரே கட்டாயமாக இயக்கி வைத்திருந்தாலொழிய, பழைய வழிக்கே வந்துவிடும். ஒரே வரி, ஏற்றியாயிற்று.

திடீரென்று ஒரு போன் மட்டும் லாக்கில் வராமலே வீடியோ ஓட்டிக்கொண்டிருந்தது. தம்பி நெற்றியைத் தேய்த்தார், பிறகு பளீரென்று சிரித்தார். "ஐபிவி6, அக்கா! விதியெல்லாம் ஐபிவி4-க்கு மட்டும்தான போட்டேன்." அத்தனையையும் இரண்டுக்கும் பொருந்தும்படி மறுபடி எழுதக் கீபோர்டை இழுத்துக்கொண்டார்.