வெள்ளையர் சட்டமும் சேலத்து நாட்டுத் துப்பாக்கியும்

சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகளின் அடிவாரக் கிராமங்களில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபட்டன என்ற செய்தி தினசரிகளில் அடிக்கடி நான்கு வரியில் வெளிவந்து மறைகிறது. தாமாக முன்வந்து ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லை என்று போலீஸ் இலாகா அறிவிக்கும் காலங்களில் அவை குவியலாகவே வந்து சேருகின்றன. குவியலைப் படம் பிடிக்கிறார்கள். பிறகு அது கிடங்குக்குப் போகிறது. அப்பால் அதைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டிய காரணம் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

அத்துப்பாக்கியை ஒரு முறை உற்றுப் பார்த்தவர்களுக்கு அதன் விநோதம் விளங்கும். நீண்ட இரும்புக் குழல் ஒன்று. அதைத் தாங்கும் மரக்கட்டை ஒன்று. தோட்டா என்பதே கிடையாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ திணித்து, கெஜக்கோலால் இடித்து, அதன்மேல் ஈயக் குண்டையோ சைக்கிள் பால்ரஸையோ இட்டு, மறுபடியும் இடிக்க வேண்டும். பின்புறத் துவாரத்தில் ஒரு கேப்பு. குதிரை அதன்மேல் விழுந்தால் மருந்து தீப்பற்றும். ஒரு வேட்டுக்குப் பின் மறு வேட்டுக்கு இத்தனையும் முதலிலிருந்து நடக்க வேண்டும். அதற்குள் காட்டுப்பன்றி சோளக் கொல்லையைத் தாண்டி அடுத்த கிராமத்துக்கே போயிருக்கும். உலகச் சேனைகள் சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கைவிட்ட முறை இது. நமது மலைகளில் மட்டும் அது இன்னும் உயிரோடிருப்பானேன்?

நமது கருமானுக்குப் புத்தி போதாது என்று சொல்லி ஒதுக்குவோர் உண்டு. அவர்களுக்குக் கஞ்சமலையைக் காட்டுகிறோம். அம்மலையின் கருநிற இரும்புத் தாதுவை உருக்கி, ஆவாரங் குச்சியும் எருக்கிலையும் சேர்த்து மண் மூசையில் அடைத்து, சேலத்தார் ஆக்கிய உருக்கு மேல்நாட்டாரை வியக்க வைத்தது. கம்பெனி உத்தியோகஸ்தரான ஹீத் துரை அதைக் கண்டு ஆசைப்பட்டு, சேலத்துத் தாதுவை நம்பியே 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை கண்டார். ஆலை நிலைக்கவில்லை, ஆயினும் 1839-இல் அவர் இங்கிலாந்தில் உருக்குக்கான தனி உரிமை ஒன்று பெற்று, ஷெப்பீல்டு நகரத் தொழிலுக்கே புது வழி காட்டினார். மூசை வைத்த நமது கருமான் என்ன பெற்றான் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

துப்பாக்கி விஷயத்திலும் நமது தேசம் பின்தங்கியதன்று. சேலம் சீமை 1792 வரையில் மைசூர் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியின் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தொழிற்சாலைகளில் ஒரே குழலில் இரண்டு வேட்டுக்கான மருந்தையும் குண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முன்னதை முதலிலும் பின்னதைப் பிறகும் வெடிக்கச் செய்யும் அபூர்வத் துப்பாக்கிகள் உருவாயின. இரும்புக் குழலில் மருந்தடைத்த மைசூர் வாணங்களைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் தம் வாணங்களைச் செய்தார்.

பின் தேக்கம் எங்கிருந்து வந்தது? சரித்திரத்தைப் புரட்டுவோம். 1801 டிசம்பர் முதல் தேதி சென்னைக் கவர்னர் கிளைவ் பிரபு தென் பாளையங்களில் ஆயுதம் வைத்தலைத் தடுத்துப் பிரகடனம் செய்தார். 1805-இல் தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். 1878-இல் லிட்டன் பிரபு இரண்டு விலங்குகளைச் சேர்த்துப் பூட்டினார்: ஒன்று சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாய்க்கு, மற்றொன்று பிரஜைகளின் கைக்கு. பத்திரிகைச் சட்டம் ரிப்பன் பிரபு காலத்தில் ஒழிந்தது. ஆயுதச் சட்டம் ஒழியவில்லை. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் அச்சட்டத்துக்கு விலக்கு, இந்தியனுக்கு லைசென்ஸ். வெள்ளையர் வெளியேறிய பின்னும் அது இருந்து, 1959-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் 1962-இல் அமுலுக்கு வந்த பிறகே மறைந்தது.

அதே காலத்தில் மேல்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1901-இல் இங்கிலாந்தில் தார்னிகிராப்ட் என்பவர், துப்பாக்கியின் இயந்திரத்தை விசைக்குப் பின்னால், தோளில் சாயும் கட்டைக்குள்ளேயே தள்ளிவிட்டார். குழலின் நீளம் குறையாமலே துப்பாக்கி சுமார் 7½ அங்குலம் குட்டையாயிற்று. இவ்வகைக்குப் பிற்காலத்தார் இட்ட பெயர் ‘புல்பப்’. உதை அதிகம், கையாளுவது கஷ்டம் என்று சேனை அதை நிராகரித்தது. 1960-களில் அமெரிக்காவில் ஹை ஸ்டாண்டர்டு கம்பெனி இதே ஏற்பாட்டில் போலீஸாருக்கென்று ஒரு சிதறுகுண்டுத் துப்பாக்கி விற்றது. இடது தோளில் வைத்துச் சுட்டால் வெந்த தோட்டா முகத்தருகே பாயும், அதுவும் நிலைக்கவில்லை. ஆனால் தோற்ற முயற்சிகளின் மேல் ஏறித்தான் பிரெஞ்சுச் சேனை 1970-களின் இறுதியில் ‘பாமாஸ்’ என்ற புல்பப் துப்பாக்கியை ஏற்றது.

தார்னிகிராப்ட் தோற்றார், எவரும் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. அவர் செய்த துப்பாக்கியின் வரைபடம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. நமது மலையடிவாரக் கருமான் ஒரு புது விசையைச் செய்து பார்த்திருந்தால் அதை அன்றிரவே புதைத்திருப்பான். பகலில் பட்டறையில் வைக்க முடியாத ஒன்றை எவன் திருத்தி வளர்ப்பான்? வறுமையும் ஒரு காரணந்தான், மறுக்கவில்லை. எனினும் பிரதான காரணம் சட்டமே என்பது நமது துணிபு.

ஆயுதம் இல்லாமல் போராடிய இயக்கத்துக்கு ஆயுதச் சட்டத்தைப் பற்றிப் பேச என்ன பாத்தியதை என்று சிலர் கேட்கக்கூடும். வேதாரணியத்துக்கு நடந்த தொண்டர்களுக்கு ஆயுதமற்ற யுத்தத்தைப் பாடிக் கொடுத்தவரே மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர்தாம். ஆனால் அதே 1930-இல் காந்தியடிகள் வைஸ்ராய் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் அளிப்பதும் ஒன்று. அது ஜனங்களின் கண்காணிப்புக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார். 1931 கராச்சிக் காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைக்கும் உரிமையைப் பிரஜைகளின் உரிமைகளில் சேர்த்தது. 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்பது நமது வாதமன்று. அடகு வைத்த நகையைப் போல் பேசாமல் விட்ட சில உரிமைகளில் இது ஒன்று என்பதை ஞாபகப்படுத்துகிறோம்.

இன்றைய சட்டம் கடுமையானது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி லைசென்ஸின்றி இத்தகைய துப்பாக்கியை வைத்திருந்தால் 2 முதல் 5 வருஷம் வரையிலும், செய்தால் 7 வருஷம் முதல் ஆயுள் வரையிலும் சிறை. பன்றியை விரட்டும் வாய்வழித் துப்பாக்கியும் கொள்ளைக்காரனின் கைத்துப்பாக்கியும் ஒரே சட்டத்தின் வாயில் விழுகின்றன. ஆனால் காவேரி பிறக்கும் குடகில் குடவருக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் வெள்ளையர் காலத்திலேயே லைசென்ஸிலிருந்து விலக்கு. அதை மத்திய சர்க்கார் 2019-இல் மேலும் பத்து வருஷத்துக்கு நீட்டித்தார்கள். அதே காவேரி மேட்டூரில் இறங்கிப் பாயும் எங்கள் ஜில்லாக்களின் மலைவாசிகளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. குடவர் அன்று கம்பெனியாருக்கு வேண்டியவர்கள், சேலத்து மலையாளிகள் (கேரளத்தாரல்லர், நமது மலைக் குடிகள்) வேண்டாதவர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் நமக்குத் தெரியவில்லை. குடகின் விலக்கை இங்கேயும் கொண்டு வா என்று கேட்கவில்லை; வேட்டைத் தடையும் உயிர்ச் சேதமும் நாம் அறியாதவையல்ல. தாமாக ஒப்படைப்பவன் மீது வழக்கில்லை என்ற ஏற்பாட்டை வருஷந்தோறும் நிரந்தரமாக நடத்தலாமல்லவா?

அவசரமான விஷயம் மற்றொன்று. தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையை 1860-களில் துரைத்தனத்தார் கலைத்தபோது, பொறுக்கியெடுத்த சிலவே சென்னை மியூஸியத்துக்கு வந்தன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. அந்த அநியாயத்தைச் செய்தவர் அந்நியர். இன்று சேலத்துக் கிடங்கில் இருப்பதை உருக்கப் போகிறவர்கள் நம்மவர்.

1959-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 45-ஆம் பிரிவே பழுதுபார்த்தும் சுட முடியாத புராதன ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. குழலின் அடியில் துளையிட்டு, வாயைப் பற்றவைத்து அடைத்துவிட்டால் துப்பாக்கி செத்தது. அதன் வடிவம் சாகவில்லை. கோர்ட்டு வேலை முடிந்த துப்பாக்கிகளில் வகைக்கு ஒன்றாகப் பொறுக்கி, குழல், கட்டை, குதிரை ஆகியவற்றின் அளவைக் குறித்து, எந்த மலையில் கிடைத்தது என்று சீட்டு ஒட்டி, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். வைத்திருந்தவன் பெயர் வேண்டாம். செய்யும் வகை அறிந்த முதியவர்களிடம் வழக்குப் பயமின்றிக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் உத்தரவும் தேவை. அருங்காட்சியக உத்தியோகஸ்தர் ஒருவர் கிடங்குக்குப் போய் வர ஒரு நாள் போதும். அடுத்த குவியல் உலைக்குப் போவதற்கு முன் அந்த நாளை ஜில்லா கலெக்டர்கள் குறிப்பார்களாக.