சாம்பிள் ரூம் கதவு திறந்தது!

வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "அடுத்த சம்மருக்கு வெளிநாட்டுக் கடைங்களுக்குப் போற டிசைன் எல்லாம் உள்ளேதான் தொங்குது. ஒரு போட்டோ வெளியே போனாலும் என் வேலை போச்சு" என்றாள் தோழி. அப்போதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூம்! எங்கோ ஒரு ஊரில் ஒரு குழந்தை அடுத்த வருஷம் எதைப் போட்டுக்கொண்டு ஊஞ்சலாடப் போகிறது என்பது இன்றைக்கே தெரிந்துவிடுகிற அறை. கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள் இங்கே மெர்ச்சண்டைசராக இருக்கிறாள் என்பதால் கிடைத்த பாக்கியம். ஆறு வயது மகன் என் விரலைப் பிடித்திருந்தான். கதவைத் தள்ளினாள்.

அடடா, அந்த நிறங்கள்! ஜன்னலோரம் நூல் கண்டுகள், கோடை மழைக்குப் பிறகான பூச்சந்தை மாதிரி. கண்ணாடி ஜாடிகளில் பட்டன்கள்: தேங்காய்ச் சிரட்டை, சிப்பி, நட்சத்திரம், ஆமை. கூரையிலிருந்து சுருள் சுருளாக லேஸ். ஆணிகளில் அட்டை பேட்டர்ன்கள், ஒவ்வொன்றிலும் பேனாவில் எழுதிய சைஸ். மகன் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டான்.

எதற்காக வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்குக் கோவையில் ஒரு பெரிய துணிக்கடை. ஏறினதும் பெண் பிள்ளைகள் பிரிவு. கவுன், பாவாடை, பட்டுப் பாவாடை, ஸ்கர்ட், மிடி, லெக்கிங்ஸ், ஃப்ரில் வைத்தது, பஃப் கை வைத்தது என்று நடந்துகொண்டே இருக்கலாம். பையன்களுக்கு லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலை. நேவி ப்ளூ, கறுப்பு, சாம்பல், பாட்டில் பச்சை. மார்பில் கார், டைனோசர், சூப்பர் ஹீரோ, இல்லாவிட்டால் சண்டைக்கு இழுக்கிற மாதிரி ஓர் ஆங்கில வாசகம். என் மகன் எல்லாவற்றையும் பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "பட்டாம்பூச்சி போட்டது இல்லையா அக்கா?" என்று கேட்டான். விற்பனைப் பெண் நல்ல மனசோடுதான் சொன்னார்: "அது பாப்பாவுக்குத் தம்பி." அவன் வேறெதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும்வரை பேசவும் இல்லை. அந்தப் பேசாமைதான் என்னைத் திருப்பூர்வரை இழுத்து வந்தது. பட்டாம்பூச்சியைப் பாப்பாவுக்கு என்று ஒதுக்கியது யார்? எந்த இடத்தில்?

இடம் இதோ, இந்தச் சுவர்! அடுத்த சீசனுக்கான படங்களைக் குண்டூசியில் குத்தி வைத்திருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கான படங்கள் ஒரு சுவரை முழுக்க எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்கும் திரும்பியிருந்தன. பையன்களுடையது சுவிட்ச் போர்டுக்கும் கதவுக்கும் நடுவே. சுவரே சொல்லிவிட்டது.

"பையன் டி-ஷர்ட்னா அஞ்சு துண்டுதான்" என்று தோழி மேஜையில் பரப்பிக் காட்டினாள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்துக்கு ரிப். "இந்தப் பேட்டர்ன் வருஷக்கணக்கா மாறாது. பிரின்ட் மட்டும் மாறும். அதனால ஆர்டர் குடுக்கற பையர் ஆபீஸ்ல இதுக்கு யோசிக்கவே நேரம் ஒதுக்க மாட்டாங்க." போன வருஷம் எது எத்தனை விற்றது என்ற கணக்கைப் பார்த்துத்தான் இந்த வருஷ ஆர்டர். போன வருஷம் கடையில் இருந்ததே நேவியும் சாம்பலும்தான், ஆகவே விற்றதும் அவைதான், ஆகவே மறுபடியும் அவையே. கடைக்காரர்கள் இதைத்தான் 'மக்கள் விரும்புவது' என்கிறார்கள். இல்லாத மஞ்சள் சட்டையை எவளால் வாங்க முடியும்? எனக்குக் கோபம் வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது.

ஆனால் கோபத்தை நீட்டிக்க விடாமல் அந்த அறை என்னைக் குஷிப்படுத்திக்கொண்டே இருந்தது. ஜி.எஸ்.எம். கட்டர் பார்த்திருக்கிறீர்களா? தோசைக்கல் மூடிபோல வட்டமான கருவி. துணிமேல் வைத்து அழுத்தி ஒரு திருகு. சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் அப்பளம்போல வெட்டுப்பட்டு வரும். அதைக் குட்டித் தராசில் வைத்து, வருகிற எடையை நூறால் பெருக்கினால் அந்தத் துணி ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். 1.6 கிராம் காட்டியது. "160 ஜி.எஸ்.எம்., டி-ஷர்ட் துணி" என்றாள். மகன் மூன்று அப்பளம் வெட்டிவிட்டு நான்காவதுக்குக் கை நீட்டினான்.

அடுத்தது லைட் பாக்ஸ். ஒரு பக்கம் திறந்த சாம்பல் நிறப் பெட்டி. சாயப்பட்டறையிலிருந்து வரும் கையகலத் துணித் துண்டுகளை, அதாவது லேப் டிப்பை, அதற்குள் வைத்து சுவிட்சைத் தட்டுகிறார்கள். டி65 என்றால் பகல் வெளிச்சம். டி.எல்.84 என்றால் கடை வெளிச்சம். பகலில் ஒரே மாதிரி தெரிந்த இரண்டு மஞ்சள், கடை விளக்கில் ஒன்று எலுமிச்சையாகவும் ஒன்று மாம்பழமாகவும் பிரிந்தது! வித்தை பார்க்கிற மாதிரி சுவிட்சை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெட்டியின் முன்னால்தான் எனக்கு ஒரு பெரிய விஷயம் தெரிந்தது. இத்தனை நாள், நேவியும் கறுப்பும் மலிவு, அதனால்தான் பையன்களுக்கு அதையே போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாம்! அடர்த்தியான நிறத்துக்கு வெளிர் நிறத்தைவிடச் சாயம் அதிகம், உப்பு அதிகம், அலசல் அதிகம். நொய்யல் ஆற்றை நாசமாக்கியது அந்தச் சாய உப்புத் தண்ணீர்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவு நீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் இயங்கலாம் என்றானதும் இந்த ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆக, வெளிர் மஞ்சளில் ஒரு சட்டை போடுவது சாயக் கணக்கிலும் லாபம், தண்ணீர்க் கணக்கிலும் லாபம். சாம்பல் கதை வேறு. மெலாஞ்ச் என்கிறார்கள். பஞ்சிலேயே கறுப்பைக் கலந்து நூற்ற நூல் தயாராகக் கிடைக்கும், பின்னினால் போதும், சாயப்பட்டறைக்கே போக வேண்டாம். அவசர ஆர்டரா, மெலாஞ்ச். கொஞ்சம் அடர்த்தி வேண்டுமா, ஆந்த்ரா மெலாஞ்ச். நம் பையன்களின் அலமாரி சாம்பல் பூத்துக் கிடப்பதற்கு ஒரு காரணம் இந்தச் சௌகரியம்.

இன்னொரு காரணம் நாம். அழுக்குத் தெரியாது என்று நானே எத்தனை நேவி எடுத்திருக்கிறேன்! அதே மண்ணில்தான் பக்கத்து வீட்டுப் பாப்பாவும் வெள்ளைக் கவுனோடு விளையாடுகிறாள். அவள் அம்மா துவைக்கிறாள்.

சரி, இப்போது அங்கே பார்த்த ஒரு ஸ்டேண்டுக்கு வருகிறேன். அறையின் கோடியில், அயர்ன் மேஜைக்குப் பின்னால், பழைய பெட்ஷீட் போர்த்தி நின்றது. "அது ட்ராப் ஸ்டைல்" என்றாள் தோழி. சாம்பிள் தைத்து அனுப்பி, ஆர்டர் வராமல் கைவிடப்பட்டவை. பெட்ஷீட்டை விலக்கினாள். நான் கத்தியே விட்டேன்!

கடுகு மஞ்சளில் ஒரு டி-ஷர்ட். கீழ் மடிப்பிலிருந்து ஒரு நத்தை ஊர்ந்து தோள்வரை போகிறது, அது வந்த வழி முழுக்க ஜிகினாத் தடம். கிளிப்பச்சை அரைக்கால் சட்டை ஒன்று. பாக்கெட்டின் வாய்தான் நீர்யானையின் வாய், கையை விட்டால் உள்ளே சிவப்பு நாக்கு! முழங்கையில் மாவிலை வடிவ ஒட்டு வைத்த ரோஸ் ஸ்வெட்ஷர்ட். ஆரஞ்சு நிறத்தில், கழுத்தைச் சுற்றி எறும்புகள் சர்க்கரையைத் தூக்கிக்கொண்டு போகும் ஒன்று. எல்லாவற்றின் அட்டையிலும் 'பாய்ஸ்' என்றே எழுதியிருந்தது. கம்பெனியின் டிசைனர் பெண் வரைந்தவை என்றாள் தோழி. "எல்லாம் அனுப்பினோம். ரொம்ப அழகா இருக்குன்னு மெயில் வந்துச்சு. ஆர்டர் நேவிக்கு வந்துச்சு."

மகன் நீர்யானை வாய்க்குள் கை விட்டுக்கொண்டு நின்றான். எடுக்கவே மனமில்லை அவனுக்கு.

அந்த ரோஸ் ஸ்வெட்ஷர்ட்டை வைத்துக்கொண்டு நானும் தோழியும் அரை மணி நேரம் பேசியிருப்போம். ரோஸ் பையன்களுக்கு ஆகாது என்பது என்னவோ ஆதிகாலத்துச் சட்டம் மாதிரி நடக்கிறார்கள். 1918 ஜூனில் அமெரிக்கக் குழந்தைத்துணி வியாபாரிகளுக்கான 'எர்ன்ஷா' என்ற இதழ் எழுதியதே வேறு: ரோஸ் அழுத்தமான நிறம், அது பையனுக்கு, நீலம் மென்மையானது, அது பெண்ணுக்கு! மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோ பாவோலெட்டி என்ற ஆடை வரலாற்றாசிரியர் 2012-ல் ஒரு புத்தகமே போட்டு இந்த மாற்றத்தை விவரித்திருக்கிறார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1884-ல் இரண்டரை வயதில், நீள முடியும் வெள்ளைக் கவுனுமாக உட்கார்ந்திருக்கும் போட்டோ இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே ஆறேழு வயதுவரை பையன்களுக்கும் அதுதான் உடை. அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் அண்ணன் இருக்கிறான். முதல் முடி எடுப்பதற்கு முன், இரட்டைச் சடை பின்னி, தாழம்பூ வைத்து, மை தீட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு ஸ்டூடியோவில் பாவாடை சட்டையில் எடுத்த படம். உங்கள் வீட்டிலும் இருக்கும், தேடிப் பாருங்கள். கிருஷ்ண ஜெயந்திக்கு மயில்பீலி, முத்து மாலை, கொலுசு, மஞ்சள் பட்டு என்று பையன்களை ஜோடிக்கிற ஊர் இது. அலங்காரம் நம் பிள்ளைகளுக்குப் புதிதே இல்லை.

மதியத்துக்கு மேல் தெருவைத் தாண்டி பிரின்டிங் ஷெட். ஜாப் ஒர்க் செய்கிற இடம், மை வாசம் மூக்கைத் துளைத்தது. ரயில் பெட்டி நீளத்துக்கு மேஜைகள். வெட்டிய முன்பக்கத் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். தூக்கி வைத்து, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. எடுத்து அடுத்த துண்டு. மேஜை முழுக்க ஒரு நடை நடந்தால் ஒரு நிறம் முடியும், திரும்ப ஒரு நடைக்கு அடுத்த நிறம். "டைனோசருக்கு எத்தனை ஸ்கிரீன்?" என்று கேட்டேன். நாலு. "பட்டாம்பூச்சிக்கு?" நாலுதான். "அப்போ விலை?" பிரின்டிங் அண்ணன் என்னை அதிசயமாகப் பார்த்தார். "ஏனுங்க, மைக்குத் தெரியுமா அது எந்த வண்டுன்னு? ரெண்டும் ஒரே ரேட்டுதாங்க."

ஒரே ரேட்டு! எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கைவிடப்பட்ட டிசைன்களின் ஸ்கிரீன்கள் சுவரோரம் சாய்த்துக் கிடந்தன. அவற்றில் ஒரு பட்டாம்பூச்சி! தோழி கண்ணாலேயே கேட்டாள், அண்ணன் தலையசைத்தார். சாம்பிள் ரூமில் மிஞ்சியிருந்த வெளிர் மஞ்சள் துணியில் வெட்டிய ஒரே ஒரு முன்பக்கம். நான்கு இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் என் மகன் நுனிக்காலில் எம்பினான். முதலில் கறுப்புக் கோடு, பிறகு ஆரஞ்சு, பிறகு நீலம், கடைசியாக வெள்ளைப் புள்ளிகள் வந்து உட்கார்ந்ததும் இறக்கை உயிர் பெற்றது. சூடான க்யூரிங் மெஷினின் பெல்ட்டில் ஒரு முனையில் போய் மறுமுனையில் அப்பம்போல வெதுவெதுப்பாக வெளியே வந்தது.

தைத்துக் கொடுத்தவர் சாம்பிள் டெய்லர். அறுபதை ஒட்டிய வயது, கழுத்தில் டேப். ஏற்றுமதி சைஸ் எல்லாம் உயரக் கணக்கு. சென்டிமீட்டரில் 104-க்கு மேல் 110, அடுத்தது 116. இங்கே சாம்பிள் தைப்பது இரண்டும் சேர்ந்த 110/116-ல். மகனைச் சுவரோரம் நிறுத்தி அளந்தவர் முகம் மலர்ந்தது. "அட, 114! அளந்து செஞ்ச மாதிரி நம்ம சாம்பிள் சைசு. பொம்மைக்குப் போட்டுப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போச்சு. இங்க வா சாமி." ஓவர்லாக் மெஷினில் தோளும் பக்கவாட்டும் பத்து நிமிஷத்தில் இணைந்தன. பேட்லாக்கில் கையும் கீழ் மடிப்பும். பிசிர் வெட்டிக் கையில் கொடுத்தார்.

மகன் போட்டுக்கொண்டான். பட்டாம்பூச்சியைத் தடவினான். பிறகு இரண்டு பக்கமும் கையை விட்டுத் தேடினான்.

"தாத்தா, பாக்கெட்?"

"டி-ஷர்ட்டுக்கு எதுக்கு சாமி?"

டிரவுசர் பாக்கெட்டிலிருந்து புளியங்கொட்டைகளை அள்ளி அயர்ன் மேஜைமேல் வைத்தான். பதினேழு. இன்னும் வீட்டில் இருப்பதாகவும் சொன்னான்.

பெரியவர் கொட்டைகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி வாங்கி, இடுப்புக்கு மேலே பக்கத் தையலைப் பிரித்தார். ஓர் அட்டையை எடுத்து, மகனின் கையை அதன்மேல் வைத்து, விரல்களைச் சுற்றி பென்சிலால் கோடு இழுத்தார். அந்தக் கோட்டைவிட இரண்டு விரல் தள்ளி வெட்டினார். உள்ளே நீலத் துணியில் பை. மூடித் தைத்தபின் வெளியே பார்த்தால் பாக்கெட் இருப்பதே தெரியவில்லை. பதினேழு கொட்டையும் உள்ளே போயின.

நாங்கள் கிளம்பும்போது அந்த அட்டையை அவர் குப்பையில் போடவில்லை. ஓரத்தில் 110/116 என்று எழுதி, ஓட்டை குத்தி, மற்ற பேட்டர்ன்களோடு ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.